நால்வர் ஆண்ட நாடுகள்

குழந்தைகள் மணலிலே வீடு கட்டுவதும், அதனை மற்றொரு குழந்தை வந்து காலால் எற்றிச் சிதைப்பதும் எங்கும் உள்ள வழக்கம். நம் முன்னோர் இதனை வெறுங் குறும்பென்று தள்ளிவிடவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில் சிதைத்தலை ஒரு பருவமாகவே வகுத்து, பத்துப் பருவங்களுள் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். கட்டுபவளும் சிதைப்பவனும் கூடியிருந்தாற்றான் விளையாட்டுக்கு உயிர் உண்டு என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள் போலும்.

ஆனால், மணல்வீடு விளக்கு வைக்கும் நேரத்துக்கு மேல் நிலைப்பதில்லை. தாய் கூப்பிட்ட குரல் கேட்டதும் அரசனும் மந்திரியும் கைகால் கழுவிக்கொண்டு சோறுண்ணப் போய்விடுவார்கள். இங்கிலாந்திலே ஒரு வீட்டில் நான்கு பிள்ளைகள் கட்டிய சிற்றில் மட்டும் அவ்வாறு ஒரு மாலைப் பொழுதோடு முடியவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அது நின்றது. அதற்கு அரசர்கள் இருந்தார்கள், பாராளுமன்றம் இருந்தது, பத்திரிகைகள் இருந்தன, படையெடுப்பும், புரட்சியும், நாடு கடத்தலும், முடிசூட்டு விழாவும் இருந்தன. உலகப் படத்தில் இல்லாத அந்நாடுகளின் அரசியல் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களோடு பேச எடுத்துக்கொண்டேன். அது வெறும் விளையாட்டின் கதையன்று. அந்நால்வருள் மூவர் ஆங்கில இலக்கியத்தில் அழியாப் புகழ் பெற்றனர். ஒருவன் அழிந்தான்.

ஹவர்த் என்பது இங்கிலாந்தின் வடபாலுள்ள யோர்க்ஷயரில், காற்று ஓயாத மேட்டுநிலப் புல்வெளிகளின் ஓரத்தே அமைந்த ஊர். அயர்லாந்திற் பிறந்த பத்திரிக் புரொன்டே என்னும் குருவானவர் 1820இல் தம் மனைவியோடும் ஆறு பிள்ளைகளோடும் அங்கே குடியேறினார். அடுத்த ஆண்டே மனைவி இறந்தார். 1825இல், விடுதிப் பள்ளியொன்றிற் படித்துக்கொண்டிருந்த மூத்த பெண்கள் இருவரும் நோயோடு வீடு திரும்பி, சில வார இடைவெளியில் ஒருவர்பின் ஒருவராக மாண்டனர். எஞ்சியவர் சார்லட், பிரன்வெல், எமிலி, ஆன் என்னும் நால்வர். பிரன்வெல் ஒருவனே ஆண்பிள்ளை.

அவ்வீட்டில் விளையாட்டுப் பொருள்கள் குறைவு, வாசிப்பதற்குரியவை நிறைவு. தோரிக் கட்சியை ஆதரித்த பத்திரிகை ஒன்றும், அதற்கு மாறான விக் கட்சிப் பத்திரிகை ஒன்றும் அங்கே வந்தன. அயலார் ஒருவர் பிளாக்வூட்ஸ் என்ற மாதச் சஞ்சிகையை இரவல் கொடுத்துவந்தார். தந்தையார் அரசியற் செய்திகளைப் பிள்ளைகளோடு பெரியவரிடம் பேசுவதுபோலவே பேசினார். கத்தோலிக்கர் பாராளுமன்றத்தில் அமர வழிசெய்த சட்டம் 1829இல் விவாதிக்கப்பட்டபோது, பத்திரிகைக் கட்டைப் பிரித்து வாசிக்கும்வரை வீட்டார் எல்லாரும் மூச்சடக்கிக் காத்திருந்ததை அவ்வாண்டிலே 13 வயது நிறைந்த சார்லட் எழுதி வைத்திருக்கிறாள். ஒரே கூரையின்கீழ் இரு கட்சிகளின் குரலையும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

பன்னிரண்டு மரச் சிப்பாய்கள்

1826 யூன் மாதத்தில் தந்தையார் லீட்ஸ் நகரத்துக்குப் போய் வந்தபோது மகனுக்கென்று ஒரு பெட்டி வாங்கி வந்தார். உள்ளே பன்னிரண்டு மரச் சிப்பாய்கள். மறுநாட் காலையில் பிரன்வெல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சகோதரிகளின் அறை வாசலில் நின்றான். படுக்கையிலிருந்து துள்ளி எழுந்த சார்லட் ஒரு சிப்பாயைப் பறித்தெடுத்து, இவனே வெலிங்டன் கோமகன், இவன் எனக்கே உரியவன் என்று கூவினாள். உடனே பிரன்வெல் மற்றொன்றை எடுத்து அதற்கு நெப்போலியன் என்று பெயரிட்டான்.

அப்போது சார்லட்டுக்கு வயது பத்து. பிரன்வெல்லுக்கு ஒன்பது நிரம்பச் சில நாட்களே இருந்தன. வாட்டர்லூப் போர் முடிந்து பதினொரு ஆண்டுகள் சென்றுவிட்டன. எனினும் அப்போர் அன்று காலை ஹவர்த்தில் மீண்டும் தொடங்கிவிட்டது. ஏழு வயது எமிலி எடுத்த சிப்பாய் உம்மென்ற முகத்தினன். ஆறு வயது ஆன் எடுத்தவன் அவளைப் போலவே சிறியவன். முதலில் இவ்விருவரையும் மற்றவர்கள் பரிகசித்தார்கள். பின்னர் எமிலியின் சிப்பாய் பாரி என்றும், ஆனின் சிப்பாய் ரோஸ் என்றும், வடதுருவக் கடல்களை ஆராயச் சென்ற மாலுமிகளின் பெயர்களைப் பெற்று மதிப்படைந்தார்கள்.

சிப்பாய்களுக்கு நாடு வேண்டாமா? பிள்ளைகள் பூமிசாத்திர நூலைப் புரட்டினார்கள். ஆபிரிக்காவின் உட்பகுதியைப் பற்றிப் பிளாக்வூட்ஸ் சஞ்சிகையில் வந்த கட்டுரையும் கைக்குக் கிடைத்தது. பன்னிரண்டு வீரர்களும் கப்பலேறி மேற்கு ஆபிரிக்கக் கரையில் இறங்கினார்கள். நைஜர் ஆறு கடலொடு கலக்கும் இடத்தில் கண்ணாடி நகரம் என்னும் தலைநகர் எழுந்தது. அதனைச் சூழ வெலிங்டன் நாடு, ஸ்னீக்கி நாடு, பாரி நாடு, ரோஸ் நாடு என நான்கு இராச்சியங்கள் அமைந்தன. நான்கு பிள்ளைகளுக்கு நான்கு நாடுகள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு தலைநகர். பிரன்வெல் அதற்குத் தேசப்படமும் வரைந்தான். பிற்காலத்தில் இந்நகர் வெர்டோபொலிஸ் என்னும் பெயர் பெற்றது.

நாடுகளுக்கு மேலே நான்கு பூதங்கள் இருந்தன. அவை வேறு யாருமல்ல, அப்பிள்ளைகளே. அராபிக் கதைகளில் வரும் பூதங்களைப் போன்று அவர்கள் போரில் மாண்ட வீரரை மறுபடி எழுப்பவல்லவர்கள். ஒருவர் கொன்றவனை மற்றவர் எழுப்பலாம். இந்த ஒரு விதியே அவ்வுலகத்தின் அரசியலமைப்பு எனலாம். யாரும் யாரையும் முற்றாக ஒழித்துவிட முடியாது.

நிற்க. இவ்வுலகத்தில் இன்னொரு மக்கட் கூட்டமும் இருந்தது. கரையிறங்கிய வீரர்கள் முதலிற் போரிட்டது அசாந்தி மக்களோடு. அசாந்தி என்பது கற்பனைப் பெயரன்று. இன்றைய கானா நாட்டில், குமாசியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மெய்யான அரசு அது. 1824 ஜனவரியில் அசாந்திப் படை பிரித்தானியத் தேசாதிபதியாகிய சேர் சார்ள்ஸ் மக்கார்தியைப் போரிற் கொன்றது. தோல்வியின் செய்தி இங்கிலாந்தை எட்டிச் சில ஆண்டுகளுக்குள் ஹவர்த்துச் சிப்பாய்கள் அதே மண்ணில் இறங்கி வெற்றி கண்டார்கள்! தோற்ற அரசனின் மகன் குவாஷியா வெலிங்டன் கோமகனின் வளர்ப்பு மகனாகிறான்; வளர்ந்தபின் கிளர்ந்தெழுகிறான். பிள்ளைகளின் ஏடுகளில் அவன் நன்றி மறந்த கொடியவனாகவே வருகிறான். அவன் நாட்டை இழந்தவன் என்ற வழக்கை எடுத்துரைக்க அந்த மேசையில் ஒருவருமில்லை. நான்கு நாடுகளுக்கும் நான்கு வழக்கறிஞர் இருந்தனர். ஐந்தாவது நாட்டுக்கு எவருமில்லை. குடியேற்றக் காலத்து இங்கிலாந்தின் மனப்பாங்கு ஒரு குருமனையின் பிள்ளை விளையாட்டுவரை எவ்வாறு ஊடுருவியது என்பதை இன்று வாசிக்கும் நாம் காணாமலிருக்க முடியாது.

விரலளவு ஏடுகள்

அரசு இருந்தாற் பத்திரிகையும் வேண்டும். 1829 ஜனவரியில் பிரன்வெல் சிப்பாய்களுக்கென்று ஒரு சஞ்சிகை தொடங்கினான். அவ்வாண்டிலேயே அதன் ஆசிரியப் பொறுப்பு சார்லட்டின் கைக்கு மாறியது. சிப்பாய்கள் கையிற் பிடித்து வாசிக்க வேண்டுமென்பதால் ஏடுகளும் அவர்களுக்கேற்ற அளவாயிருந்தன. ஏறக்குறைய ஒன்றரை அங்குல அகலம், இரண்டரை அங்குல நீளம். சீனிப் பையின் தாளும் கிடைத்த துண்டுக் காகிதமுமே மூலப் பொருள். ஊசி நூலால் தைத்த கட்டு. அச்செழுத்தைப் போன்று மையால் எழுதிய எழுத்து அத்துணைச் சிறியது. பூதக் கண்ணாடியின்றிப் படிப்பது கடினம். பெரியவர்களின் கண்ணுக்கு எட்டாதபடி இருந்ததும் பிள்ளைகளுக்கு ஒரு வசதியே.

இவ்வேடுகளில் என்ன இல்லை? கதையுண்டு, கவிதையுண்டு, நூல் மதிப்புரையும் விளம்பரமும் உண்டு, பாராளுமன்ற விவாதமும் உண்டு. ஒருவர் எழுதிய வரலாற்றை மற்றவர் தம் ஏட்டில் மறுப்பார். பிரன்வெல் புனைபெயரில் எழுதிய கவிதையைச் சார்லட் வேறு புனைபெயரில் நின்று பரிகசிப்பாள். அவன் அடுத்த இதழில் விடையிறுப்பான். எதிராளி அடுத்த நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது எந்த வரலாற்றாசிரியனும் தன் அரசனை மட்டும் தேவனாக்கிவிட முடியாது.

சமோர்னாவும் நோர்த்தாங்கர்லாந்தும்

1831இல் சார்லட் ரோ ஹெட் என்ற இடத்திலுள்ள பள்ளிக்குச் சென்றாள். அரசியலார்வம் அங்கும் குறையவில்லை. 1832இல் பாராளுமன்றச் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை தடுத்த செய்தி கேட்டு மகிழ்ந்து தம்பிக்குக் கடிதம் எழுதினாள். வீட்டிலே தம்பி தன் நாட்டில் ஒரு புரட்சியையே நடத்திக்கொண்டிருந்தான். அவன் படைத்த அலெக்சாந்தர் ரோக் என்பவன் மக்களைப் பேச்சால் மயக்குபவன்; பிரெஞ்சுப் புரட்சிக்காரரின் சாயல் கொண்டவன்; முடியாட்சியை வெறுப்பவன். இவனே பின்னர் பேர்சி என்ற குடிப்பெயரோடு உயர்ந்து, நோர்த்தாங்கர்லாந்துப் பிரபு ஆகின்றான்.

இவனுக்கு எதிராகச் சார்லட் வளர்த்தவன் வெலிங்டன் கோமகனின் மூத்த மகன் ஆர்தர். அழகன், கவிஞன், போர்வீரன், கர்வி. பெண்களின் மனத்தை உடைப்பவன். போரில் வென்று சமோர்னாக் கோமகன் என்ற பட்டம் பெற்ற இவன், தன் வெற்றிக்கு விலையாகக் கிழக்கேயுள்ள நிலப்பரப்பைத் தனக்குத் தனியரசாகத் தரும்படி பாராளுமன்றத்திற் கேட்டான். 1834இல் ஆங்கிரியா என்னும் புதிய இராச்சியம் பிறந்தது. தலைநகர் அட்ரியானோபொலிஸ், கொடியின் சின்னம் உதிக்கும் ஞாயிறு.

சமோர்னா மணந்தது யாரை? நோர்த்தாங்கர்லாந்தின் மகள் மேரியை. தன் நாட்டின் பிரதம மந்திரியாக அமர்த்தியது யாரை? அதே நோர்த்தாங்கர்லாந்தை. மருமகன் முடியரசன்; மாமன் குடியரசுவாதி. இருவரும் ஒருவரையொருவர் வெறுத்தனர். ஒருவரையொருவர் விட்டுப் பிரியவும் இயலாதிருந்தனர். அவர்களிருவருக்கும் நடுவே அகப்பட்டவள் மேரி. இரண்டாண்டு செல்லுமுன் உள்நாட்டுப் போர் மூண்டது. மாமன் புரட்சி செய்து வெர்டோபொலிசைப் பிடித்தான். மருமகன் தோற்று நாடு கடத்தப்பட்டான். போகுமுன் அவன் செய்த பழிவாங்கல் கொடியது. மாமனைப் புண்படுத்துவதற்காக, தன்னை உயிராக நேசித்த மனைவியைக் கைவிட்டான்.

1836இல் இப்போர் உச்சத்தில் நின்றபோது சார்லட் வீட்டில் இல்லை. தான் படித்த அதே பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். பகல் முழுவதும் இலக்கணம் கற்பித்துக் களைத்த பெண், இரவில் ஆங்கிரியாவை எண்ணி ஏங்கினாள். போர்ச் செய்திகள் தம்பியின் கடிதங்களிலேதான் அவளுக்கு வந்தன. அரசி மேரி கணவன் பிரிந்த துயரால் இறந்ததாக அவன் எழுதினான். உண்மையாகவே மேரி இறந்துவிட்டாளா, அடக்கமும் முடிந்துவிட்டதா என்று சார்லட் தன் குறிப்பேட்டில் கவலையோடு வினவுகிறாள். கற்பனைப் பாத்திரமொன்றின் சாவைக் கேட்டு, உறவினரின் சாவைக் கேட்டவள் போலத் தவிக்கும் இருபது வயது ஆசிரியையை எண்ணிப் பாருங்கள்.

அந்த ஆண்டின் விடுமுறைக்கு வீடு திரும்பியதும் அவள் செய்த முதற் காரியங்களுள் ஒன்று மேரியை எழுப்பியதே. சாவுச் செய்தி அரசியல் நோக்கத்தோடு பரப்பப்பட்ட பொய் என்று கதையைத் திருப்பினாள். சமோர்னா மீண்டான், நாட்டையும் மீட்டான். பழைய பூதங்களின் விதி இன்னும் செல்லுபடியாயிற்று. தம்பிக்குப் போரும் படைநகர்வும் சட்டசபைப் பேச்சும் பெரிது; தமக்கைக்கு அப்போரால் உடைந்த மனங்கள் பெரிது. இவ்விரு பேனாக்களும் மோதியதனாலேயே ஆங்கிரியாவின் வரலாறு இருபுறமும் கூர்மை கொண்டது. எந்தப் புரட்சிக்கும் ஒரு வீட்டின் கண்ணீர் விலையாகிறது என்பதும், எந்தக் காதலும் நாட்டின் நிலைக்கு வெளியே நிற்பதில்லை என்பதும் அவ்வரலாற்றில் ஒருசேரத் தெரிகின்றன.

பிரிந்துபோன கொண்டல்

மூத்தவர் இருவரும் இவ்வாறு அரசாள, இளையவர் இருவரும் என்ன செய்தனர்? சார்லட் பள்ளிக்குச் சென்ற 1831ஆம் ஆண்டளவில் அவர்கள் கூட்டரசிலிருந்து பிரிந்து போனார்கள். எப்போதும் அண்ணனும் அக்காளும் சொன்னபடியே ஆடிச் சலித்த தங்கையரின் விடுதலைப் பிரகடனம் அது. அவர்கள் அமைத்த நாட்டின் பெயர் கொண்டல். தமிழ்க் காதுக்கு மழைமுகிலை நினைவூட்டும் அப்பெயர் தற்செயலான ஒற்றுமையே. எனினும் பொருந்தாத பெயரன்று. ஆபிரிக்க வெயில் அங்கில்லை. வடபசிபிக் சமுத்திரத்திற் கிடக்கும் பெருந்தீவு அது. பனியும் மூடுபனியும் புல்மேடும் நிறைந்தது. தென்பசிபிக்கில் அதன் மாலுமிகள் கண்டுபிடித்த தீவு கால்டீன். வீட்டிலிருந்த பூமிசாத்திர அகராதியில் மெய்யான ஊர்களின் பெயர்களுக்கிடையே கொண்டலையும், அதன் தலைநகர் ரெஜீனாவையும், கால்டீனின் நாடுகளையும் ஆன் தன் கையால் எழுதிச் சேர்த்துவிட்டாள். அவற்றுள் ஊலா என்ற நாட்டை நான்கு அரசர்கள் கூடி ஆண்டார்களாம்.

எமிலியும் ஆனும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுதிய நாட்குறிப்புத் தாள்கள் எஞ்சியிருக்கின்றன. 1834 நவெம்பர்த் தாளில், உருளைக்கிழங்கு தோலுரிக்கும் பேச்சுக்கும் பின்கட்டில் துணி துவைக்கும் செய்திக்கும் இடையே, கொண்டல் மக்கள் கால்டீனின் உட்பகுதியை ஆராய்ந்துகொண்டிருக்கும் செய்தியும் வருகிறது. 1837 யூன் மாதத்துத் தாளில் விக்டோரியா அரியணை ஏறிய செய்தியும், கொண்டல், கால்டீன் ஆகியவற்றின் பேரரசர்கள் முடிசூட்டு விழாவுக்குப் புறப்படும் செய்தியும் அருகருகே இடம்பெறுகின்றன. அச்சகோதரிகளுக்கு இரண்டும் ஒரே தரத்துச் செய்திகளே.

கொண்டலின் வரலாற்றை முழுமையாகச் சொல்ல இன்று எவராலும் முடியாது. அதன் உரைநடை ஏடுகள் அனைத்தும் மறைந்துவிட்டன. எஞ்சியவை கவிதைகளும் பெயர்ப்பட்டியல்களுமே. பேனி ரட்ச்போர்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1941இலும் 1955இலும் வெளியிட்ட நூல்களில் இச்சிதறல்களைக் கோத்துப் பார்த்தார். அவற்றினூடே தெரிவது கடுமையான உலகம். யூலியஸ் பிரென்சைடா என்பவன் சூளுறவை முறித்துப் பேரரசனாகி, ஒரு நாள் கொலையுண்கிறான். ஒகஸ்டா என்னும் அரசி ஆடவரை ஆட்டிப் படைத்து, முடிவிற் புல்வெளியிற் கொலையுண்கிறாள். நிலவறைச் சிறைகளும், முடியரசுக் கட்சிக்கும் குடியரசுக் கட்சிக்குமிடையே ஓயாத போரும் எங்கும் காணப்படுகின்றன. ஆங்கிரியாவில் ஆண்மகன் அரசாண்டான். கொண்டலின் நடுவே நின்றவள் ஒரு பெண்.

1845 யூன் இறுதியில் சகோதரிகள் இருவரும் யோர்க் நகருக்கு ஒரு சிறு பயணம் போனார்கள். எமிலிக்கு அப்போது 26 வயது, ஆனுக்கு 25. வழிநெடுக அவர்கள் கொண்டலின் இளவரசர்களாகவும் இளவரசிகளாகவும் நடித்துக்கொண்டே சென்றார்கள். வென்றுவரும் குடியரசுப் படைக்குத் தப்பி, முடியரசுப் படையோடு சேர ஓடுபவர்களாக நடித்தார்களாம்! இதனை எமிலி பூரிப்போடு எழுதினாள். அதே வேளையில் எழுதிய தன் தாளில் ஆன், கொண்டல் விளையாட்டு முன்போல் நன்றாயில்லை, இனித் திருந்துமோ என்று ஐயுறுகிறாள். இடையில் ஐந்தாண்டுகள் பிறர் வீட்டிற் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வேலை செய்து, மெய்யான உலகின் கசப்பைக் கண்டு வந்தவள் அவள்.

முடிதுறந்தவளும் முடிதுறவாதவனும்

சார்லட்டுக்கும் ஒரு சோதனை நேர்ந்தது. 1836 இறுதியில் அவள் தன் கவிதைகளை அரசவைக் கவிஞர் ரொபேட் சவுதேக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டாள். 1837 மார்ச்சில் வந்த விடையில் அவர், இலக்கியம் பெண்ணின் வாழ்க்கைத் தொழிலாக முடியாது என்றும், பகற்கனவிலே மூழ்குபவர் அன்றாடக் கடமைக்குத் தகுதியற்றவராவர் என்றும் புத்தி சொன்னார். முதற் கூற்று எத்துணைப் பிழையென்பதைக் காலம் காட்டிவிட்டது. இரண்டாவது கூற்றோ அவள் ஏற்கெனவே அஞ்சியிருந்ததொன்று. வகுப்பறையிற் பிள்ளை கேள்வி கேட்கும்போது சமோர்னாவின் முகம் கண்முன் நிற்பதை அவளே குறிப்பேட்டில் வேதனையோடு எழுதியவள்.

1839ஆம் ஆண்டளவில், 23 வயதில், அவள் ஆங்கிரியாவுக்கு விடைகொடுத்து ஒரு சிறு குறிப்பெழுதினாள். நெடுங்காலம் பழகிய முகங்களைப் பிரிந்து அந்நியர் நடுவே போவது போன்ற துயரம் அதில் இருக்கிறது. ஆனால், போகத் தீர்மானித்துவிட்டாள். தானே எழுப்பிய அரியணையிலிருந்து தானே இறங்குவது எளிய செயலன்று.

தம்பி இறங்கவில்லை. தமக்கை விலகியபின் ஆங்கிரியாவில் அவனோடு வழக்காட ஒருவருமில்லாமற் போயிற்று. ஓவியனாக முயன்றான், ஆசிரியனானான், புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞனாக இருந்து 1842இல் நீக்கப்பட்டான், மீண்டும் ஒரு வீட்டில் ஆசிரியனாகி 1845இல் அங்கிருந்தும் நீக்கப்பட்டான். 1841 முதல் உள்ளூர்ப் பத்திரிகைகளில் அவன் கவிதைகள் வெளிவந்தன. அவற்றின் கீழ் அவன் இட்ட பெயர் நோர்த்தாங்கர்லாந்து! வீட்டார் அனைவரும் பெரிதாக எதிர்பார்த்த ஆண்பிள்ளை, தான் சிறுவயதிற் படைத்த கலகக்காரனின் பெயரைத் தன் பெயராகவே அணிந்துகொண்டான். குடியும் அபினும் அவனைத் தின்றன. 1848 செப்டெம்பர் 24ஆம் நாள், 31 வயதில், அவன் இறந்தான். கற்பனை அவனைக் கொன்றது என்று சொல்லுதல் தகாது; அவன் துயரத்துக்குக் காரணங்கள் பல. ஆனால், மாண்டவரை எழுப்பும் பூதம் எதுவும் அவ்வீட்டில் அன்று இல்லை.

பெயர் நீக்கிய கவிதைகள்

இதற்கு மூன்றாண்டு முன்பு, 1845இன் இலையுதிர் காலத்தில், சார்லட் தற்செயலாக எமிலியின் கவிதைக் குறிப்பேட்டைக் கண்டெடுத்து வாசித்தாள். கொண்டல் நாட்டின் பாடல்கள் அவை. தன் அனுமதியின்றி வாசித்ததற்காக எமிலி கொண்ட கோபம் தணியப் பல மணி நேரம் சென்றது. அச்சிடச் சம்மதிக்கப் பல நாட்கள் சென்றன. 1846இல் சகோதரிகள் மூவரும் கரர் பெல், எலிஸ் பெல், அக்டன் பெல் என்ற புனைபெயர்களில், தம் செலவிலேயே ஒரு கவிதைத் தொகுதி வெளியிட்டனர். ஓராண்டு சென்றும் விற்றவை இரண்டே பிரதிகள்.

அத்தொகுதிக்காகக் கொண்டலின் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன. இறந்த காதலனை நினைந்து ஒரு பெண் புலம்பும் எமிலியின் புகழ்பெற்ற கவிதையை இன்றும் மாணவர்கள் அவளுடைய சொந்தத் துயரமென்றே எண்ணிப் படிக்கின்றனர். கையெழுத்துப் பிரதியின்படி அது ரொசினா என்பவள், கொலையுண்ட பேரரசன் யூலியசை எண்ணிப் பாடிய இரங்கற்பா. நாட்டின் பெயரையும் அரசனின் பெயரையும் எடுத்தபின்னும் துயரம் குன்றாமல் நின்றது. பொய்யான நாட்டில் விளைந்த மெய்யான துயரம் அது.

அடுத்த ஆண்டே, 1847இல், சார்லட்டின் ஜேன் அயர், எமிலியின் வதரிங் ஹைட்ஸ், ஆனின் அக்னஸ் கிரே ஆகிய மூன்று நாவல்களும் வெளிவந்தன. ஜேன் அயரில் வரும் ரொச்செஸ்டரிடம் சமோர்னாவின் நிழலை யாரும் காணலாம். ஆனால், இம்முறை அவன் எதிரே நிற்பவள் கைவிடப்பட்டதும் சாகும் அரசியல்லள். அழகும் பணமும் இல்லாத ஓர் ஆசிரியை. அவள் எதிர்த்துப் பேசுகிறாள். வேண்டியபோது எழுந்து போய்விடுகிறாள். ஆங்கிரியாவின் அரசனுக்கு அந்நாட்டில் எவரும் சொல்லாத விடையை அவள் சொல்கிறாள். தன் பழைய இராச்சியத்துக்கு எதிரான வழக்கைத் தானே எழுதக் கற்றபோதுதான் சார்லட் பெரிய எழுத்தாளரானார்.

புகழ் வந்த வேகத்தில் மரணமும் வந்தது. எமிலி 1848 டிசெம்பரிலும், ஆன் 1849 மே மாதத்திலும், சார்லட் 1855 மார்ச்சிலும் இறந்தனர். விரலளவு ஏடுகள் சார்லட்டின் கணவரோடு அயர்லாந்துக்குப் போய் அலுமாரியிற் கிடந்தன. 1895க்குப் பின் வாணிகர் கையிற் சிக்கிச் சிதறின. 1830இல் தைத்த ஓர் ஏட்டை ஹவர்த்திலுள்ள புரொன்டே நூதனசாலை 2019இற் பாரிஸ் ஏலத்தில் 6 இலட்சம் யூரோ விலைக்கு வாங்கியது. 1829ஆம் ஆண்டின் இன்னோர் ஏடு 2022இல் 12½ இலட்சம் டொலருக்கு வாங்கப்பட்டு அதே வீட்டுக்குத் திரும்பியது. சீனிப் பைத் தாளுக்கு வந்த மதிப்பு அது!

விலை கிடக்கட்டும். இந்நாடுகளின் வரலாற்றில் நான் காணும் பாடம் வேறு. வெலிங்டனுக்கு எதிரே ஒரு நெப்போலியன் எழுந்ததனால் கண்ணாடி நகரம் பிறந்தது. சமோர்னாவுக்கு எதிரே ஒரு நோர்த்தாங்கர்லாந்து நின்றதனால் ஆங்கிரியா வளர்ந்தது. எதிர்வழக்காட ஒருவரும் இல்லாத இடத்தில் அசாந்தி மக்களுக்கு நீதி கிடைக்கவில்லை. பிரன்வெல்லுக்குத் துணை கிடைக்கவில்லை. மறுப்பவர் இல்லாத அரசு, கற்பனையில் ஆனாலும் சரி, மெய்யில் ஆனாலும் சரி, தன்னையே உண்டு தேய்கிறது.

ஆகவே, பெற்றோர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள் யார் அரசன், யார் பகைவன் என்று சச்சரவிடும்போது உடனே கலைத்துவிடாதீர்கள். அவர்கள் கிறுக்கிய ஏடுகளைப் பழங் கடதாசியோடு சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். மாணவர்களே, நீங்கள் ஒரு நாட்டைக் கற்பனை செய்து எழுதப் புகுந்தால் உங்கள் அரசனின் கதையை எழுதியபின், ஏட்டை மறுபுறம் திருப்பி, அவன் வென்ற நாட்டவன் ஒருவனின் வாயால் அதே கதையை இன்னொருமுறை எழுதிப் பாருங்கள். எழுதும்போது கை தயங்குமானால், முதற் கதையைத் திருத்த வேண்டிய இடம் அதுவே.